யாருக்கு நினைவிருக்கிறது? காலச் சுழல் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

விண்கப்பல் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து தடுமாறுகிறது. கேப்டன் எல்லோரையும் கப்பலைவிட்டு வெளியேறச் சொல்லி ஆணையிடுகிறார். அந்த ஆணையை அவர் இரண்டாம் முறை சொல்லி முடிப்பதற்குள் கப்பல் வெடித்துச் சிதறிவிடுகிறது. தொடரின் பெயரும் இசையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவை ஓய்ந்ததும், சற்று முன் இறந்துபோனவர்களுள் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அமைதியாகச் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாம் சீசனில், 1992 மார்ச் மாதம் ஒளிபரப்பான 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்னும் அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது.

முதன்முறை பார்ப்பவர், கதையின் உச்சத்தை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பின்னோக்கிச் செல்லும் வழக்கமான உத்தி இது என்று எண்ணிக்கொள்வார். நானும் அப்படித்தான் எண்ணினேன். சீட்டாட்டம் முடிந்து, மருத்துவர் தம் அறைக்குப் போய், மறுநாள் ஆலோசனைக் கூட்டம் நடந்து, வெட்டவெளியிலிருந்து திடீரென்று முளைத்த இன்னொரு கப்பல் வந்து மோதி, இந்தக் கப்பல் மறுபடியும் வெடிக்கும்போதுகூட அந்த எண்ணம் கலையவில்லை. இனி மீதிக் கதையில் என்ன இருக்கப்போகிறது என்ற கேள்வி மட்டுமே எழுந்தது. அடுத்த காட்சியில் அதே மேசை, அதே நால்வர், அதே சீட்டுக் கட்டு. அந்த நொடியில் உண்டான சிலிர்ப்புதான் என்னை இந்தக் கதை வகையின் பக்கம் இழுத்து வந்தது. அதன் பெயர் காலச் சுழல். டைம் லூப் என்றே பலரும் சொல்கிறார்கள். அறிவியல் புனைகதைக்குப் புதியவர் ஒருவர் அதை விளங்கிக்கொள்ள இந்த ஓர் அத்தியாயமே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, இதன் கதையை இறுதிவரை வெளிப்படையாகச் சொல்லியே விளக்கப்போகிறேன்.

காலச் சுழலைக் காலப்பயணத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. காலப்பயணக் கதையில் ஒருவர் தம் காலத்தை விட்டு வேறொரு காலத்துக்குப் போகிறார். போன இடத்தில் அவர் ஒரு விருந்தாளி. அங்கே தம் இளவயது உருவத்தையோ தம் பாட்டனாரையோ நேருக்கு நேர் சந்திக்கக்கூட நேரலாம். காலச் சுழலில் எவரும் எங்கும் போவதில்லை. ஒரு குறிப்பிட்ட கால அளவு, அது சில மணி நேரமாகவோ ஒரு நாளாகவோ இருக்கலாம், முடிந்ததும் தன் தொடக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. அதற்குள் இருக்கும் மனிதர்கள், பொருள்கள், பட்ட காயங்கள், பேசிய பேச்சுகள் அனைத்தும் பழைய நிலையை அடைந்து, எல்லாம் முதலிலிருந்து நடக்கத் தொடங்குகிறது.

செக்கைச் சுற்றும் மாட்டை இதற்கு உவமையாகச் சொல்லத் தோன்றும். அந்த உவமை பொருந்தாமல் போகும் இடத்தில்தான் கருத்து தெளிவாகிறது. செக்குமாடு நாள் முழுவதும் நடந்தும் ஓர் அடிகூட முன்னேறுவதில்லை என்றாலும், அதன் கால்கள் ஓய்ந்துபோகின்றன, குளம்பு பட்ட தடம் பள்ளமாகிறது, செக்கில் எண்ணெய் சேர்கிறது. ஒவ்வொரு சுற்றும் ஏதோ ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. முழுமையான காலச் சுழலில் மாட்டுக்குக் களைப்பு இல்லை, மண்ணில் தடம் இல்லை, எண்ணெயும் இல்லை. சுற்று முடிந்ததும் எல்லாம் துடைக்கப்பட்டுவிடுகின்றன. இதன் விளைவைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஒன்றுமே மிஞ்சாத சுழலில் அகப்பட்டவர்களுக்குத் தாங்கள் அகப்பட்டிருப்பது ஒருநாளும் தெரியவராது. நூறாவது சுற்றும் அவர்களுக்கு முதல் சுற்றே. அவர்களுடைய உள்ளத்தில் அலுப்பும் இராது, அச்சமும் இராது, தப்பிக்க வேண்டும் என்ற எண்ணமும் எழாது. அப்படிப்பட்ட சுழலை வைத்துக் கதை எழுத முடியாது.

எனவே, காலச் சுழல் கதை எழுதும் ஒவ்வொருவரும் துடைக்கப்படாமல் எஞ்சுகிற ஏதோ ஒன்றுக்கு இடம் விட்டாக வேண்டியிருக்கிறது. ஒரு பிறவியில் முடியாமல் விட்டது மறுபிறவியில் வந்து ஒட்டிக்கொள்வதை நம் வழக்கில் விட்ட குறை தொட்ட குறை என்கிறோம். இந்தக் கதைகளின் உயிர் முழுவதும் அந்த விட்ட குறையில்தான் இருக்கிறது. சுழல் எவ்வாறு உண்டானது, எந்தக் கருவி பழுதானது, எந்தக் கதிர் பாய்ந்தது என்பவையெல்லாம் இரண்டாம் பட்சம். காலச் சுழல் கதை எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: யாருக்கு நினைவிருக்கிறது?

பெரும்பாலான கதைகளில் அந்தக் கேள்விக்கு விடை எளிது. ஒருவருக்கு மட்டும் எல்லாம் முழுமையாக நினைவிருக்கும். மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தாளாகத் திரும்பி வருவார்கள். 1993-ஆம் ஆண்டு வெளியாகி இந்தக் கதை வகையை உலகெங்கும் பரப்பிய ஹாலிவுட் திரைப்படமும் இந்த அமைப்பையே கையாண்டது. நினைவுள்ளவர் அடுத்து நடக்கவிருப்பதை அறிந்தவராகிறார்; எவ்வளவு தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள அடுத்த சுற்று காத்திருக்கிறது; ஆனால், தாம் பட்ட பாட்டைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு ஆள் இல்லை. வல்லமையும் தனிமையும் ஒரே நேரத்தில் ஒருவர்மேல் வந்து கவிவதே இந்த அமைப்பின் சுவை.

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரில் 2000-ஆம் ஆண்டு வந்த 'விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி' இந்த வகையின் மிகச் சிறந்த உதாரணங்களுள் ஒன்று. அதில் நினைவோடு இருப்பவர்கள் இருவர்: கர்னல் ஜாக் ஓநீலும் அவருடைய தோழர் டீல்க்கும். ஒவ்வொரு சுற்றும் ஓநீல் கையில் கரண்டியோடு காலை உணவு மேசையில் இருக்கும்போதே தொடங்குகிறது. சுழலை நிறுத்தப் பழங்கால மொழி ஒன்றில் பொறிக்கப்பட்ட எழுத்துகளைப் படித்தாக வேண்டும். அந்த மொழியில் புலமை உள்ள டேனியல் ஜாக்சனுக்கோ சுற்றுக்குச் சுற்று எல்லாம் மறந்துவிடும். ஆகவே, மொழி அறியாத இருவரும் அவரிடம் பாடம் கேட்டு, ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் தலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே போகிறார்கள். அந்த அத்தியாயம் சிரிக்கவைப்பதற்காகவே பெயர் பெற்றது என்றாலும், என் நெஞ்சில் நிற்பது அதன் முடிவுதான். சுழலை உண்டாக்கிய மலிக்காய் என்பவர், இறந்துபோன தம் மனைவியோடு மறுபடி இருக்கும் ஆசையிலேயே அந்தக் கருவியை இயக்கியிருக்கிறார். தம் மகனை இழந்த ஓநீல், அந்த இழப்பை மறுபடியும் கண்ணால் காண்கிற துணிவு தமக்கு இல்லை என்ற பொருள்படப் பேசித்தான் அவரை மனம் மாற்றுகிறார். திரும்பத் திரும்ப வருகிற நாளை விரும்பி அழைக்கக்கூடிய மனிதர்களும் உண்டு என்பதை அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது.

நினைவைப் பெற்றவர் கதாநாயகராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1999-இல் வந்த 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரின் 'மண்டே' அத்தியாயத்தில், ஒரு வங்கிக் கொள்ளை ஒவ்வொரு முறையும் வெடிகுண்டில் முடிந்து, உள்ளே இருப்பவர்கள் அனைவரும் மாண்டு, அதே திங்கட்கிழமை மறுபடியும் விடிகிறது. தொடரின் நாயகர்களான மோல்டருக்கும் ஸ்கல்லிக்கும் எதுவும் நினைவில் நிற்பதில்லை. கொள்ளையனின் காதலியான பாம் என்னும் பெண்ணுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. அவள் சொல்வதை நம்புவார் இல்லை. கடைசியில் மோல்டர் ஒன்று செய்கிறார்: குண்டு வெடிக்கப்போகும் தறுவாயில், அவனிடம் குண்டு இருக்கிறது, அவனிடம் குண்டு இருக்கிறது என்று தமக்குத் தாமே ஓதிக்கொண்டே இறக்கிறார். பாடத்தை உருப்போடும் குழந்தையைப் போல அந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் அழுத்தி அழுத்தி எழுதி, அடுத்த சுற்றில் விழித்தெழப்போகும் தமக்கு அது எப்படியாவது போய்ச் சேராதா என்று ஏங்குகிறார். இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'காஸ் அண்ட் எஃபெக்ட்' அத்தியாயத்தில் வரும் டேட்டா என்னும் மனித உருவ இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

இப்போது 'காஸ் அண்ட் எஃபெக்ட்' அத்தியாயத்துக்கு வருவோம். இதில் எண்டர்பிரைஸ் கப்பலில் இருக்கும் ஆயிரம் பேருள் ஒருவருக்குக்கூட நினைவில்லை. பிரானன் பிராகா எழுதிய இந்தக் கதையின் துணிச்சல் இதுவே. நடந்ததையெல்லாம் அறிந்த ஒரே ஆள் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர். பாம் என்னும் பெண் அனுபவித்த அதே தவிப்பு நமக்கு வந்துவிடுகிறது; நாம் கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது. எந்தக் கதாபாத்திரத்துக்கும் கொடுக்காத நினைவைப் பார்ப்பவரிடம் ஒப்படைத்து, அவரையே சுழலின் உள்ளே இழுத்துப் போடும் இந்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் இவ்வளவு செம்மையாகக் கண்டதில்லை.

இந்தக் கட்டத்தில் இயக்குநரின் பங்கைச் சொல்லியாக வேண்டும். முதல் அதிகாரி ரைக்கராக நடித்த ஜோனத்தன் ஃப்ரேக்ஸே இந்த அத்தியாயத்தை இயக்கினார். ஒருமுறை எடுத்த காட்சியை அப்படியே திரும்ப ஓட்டியிருந்தால் வேலையும் மிச்சம், செலவும் மிச்சம். அவர் அப்படிச் செய்யாமல் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே, வேறு வேறு கோணங்களில் படம்பிடித்திருக்கிறார். பேச்சு அதேதான், அசைவும் ஏறக்குறைய அதேதான். ஆனால், ஒரு சுற்றில் தொலைவில் நின்று பார்த்த சீட்டாட்ட மேசையை அடுத்த சுற்றில் முகங்களுக்கு மிக அருகில் சென்று பார்க்கிறோம். கதாபாத்திரங்கள் உணரத் தொடங்குவதற்கு முன்பே கேமரா எதையோ உணரத் தொடங்கிவிட்டது போன்ற ஓர் எண்ணம் இதனால் பார்ப்பவருக்குள் ஊறுகிறது.

சீட்டாட்டத்தையே சற்று அருகிலிருந்து கவனிப்போம். ரைக்கர், வோர்ஃப், மருத்துவர் பெவர்லி க்ரஷர் ஆகியோருக்கு ஆண்ட்ராய்டான டேட்டா சீட்டுகளை வழங்குகிறார். டேட்டாவின் விரல்களில் இயந்திரத்தின் துல்லியம். அவர் சீட்டைக் கலைத்தால் அதில் எவரும் தில்லுமுல்லு செய்ய முடியாது. கதையில் நாம் முதன்முதலில் பார்க்கும் ஆட்டத்தில், ரைக்கர் கையில் உருப்படியாக எதுவும் இல்லாமலேயே பந்தயத்தை உயர்த்துகிறார் என்பதை க்ரஷர் கண்டுகொள்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, ஏதோ தோன்றியது என்கிறார். அப்போது அது சாதாரணமான ஒரு பதிலாக நம் காதில் விழுந்து கடந்துபோகிறது. இரண்டு சுற்றுகள் கழித்து, அடுத்து எந்தச் சீட்டு விழும் என்பதை மேசையில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கி, சொன்ன சீட்டே ஒவ்வொன்றாக விழும்போதுதான், க்ரஷரின் அந்த முதல் பதிலிலேயே கசிவு தொடங்கிவிட்டிருந்தது என்பது நமக்கு உறைக்கிறது. அப்படியானால், நாம் முதல் சுற்று என்று எண்ணியது முதல் சுற்றே அல்ல. அதற்கு முன் எத்தனை வெடிப்புகள் நிகழ்ந்தனவோ, நாம் நடுவில் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஏற்கெனவே நடந்தது போன்ற உணர்வு எல்லோருக்கும் எப்போதாவது வருவதுதான். டேஜா வூ என்று பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த பெயரால் அதைக் குறிப்பிடுகிறார்கள். பழக்கமானது என்ற உணர்வு மட்டும் வந்து, எப்போது பழகினோம் என்ற நினைவு வராமல் நிற்கும் நிலை அது. பிராகாவின் திறமை, அந்த அன்றாட அனுபவத்தையே விட்ட குறையின் வாகனமாக ஆக்கியதில் இருக்கிறது. கதாபாத்திரங்களுக்கு முழு நினைவைக் கொடுக்காமல், நினைவின் நிழலை மட்டும் கொடுக்கிறார். தலைமைப் பொறியாளர் ஜோர்டி லா ஃபோர்ஜுக்கு ஒவ்வொரு சுற்றிலும் தலைசுற்றல் வருகிறது. க்ரஷர் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததும் அறைக்குள் பலர் பேசுவது போன்ற முணுமுணுப்பு கேட்கிறது. பதறி எழுகையில் அருகில் இருந்த கண்ணாடிக் கோப்பை தட்டுப்பட்டு விழுந்து உடைகிறது. தாம் படித்துக்கொண்டிருக்கும் நூலை ஏற்கெனவே படித்துவிட்டதாகக் கேப்டன் பிக்கார்டுக்குத் தோன்றுகிறது.

அந்தக் கண்ணாடிக் கோப்பைதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பொருள். ஒரு சுற்றில், எதையோ உள்ளூர உணர்ந்தவராக, க்ரஷர் கோப்பையை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறார். நாம் மூச்சு விடுகிறோம்; இந்த முறை தப்பித்தது என்று எண்ணுகிறோம். சற்று நேரத்தில், அவசரமாக வெளியே கிளம்பும்போது, மேலங்கி பட்டு அது அங்கேயும் விழுந்து உடைகிறது. ஒரு சொல்கூடப் பேசாத அந்தச் சிறு நிகழ்வு, இந்தக் கதையின் பெரிய கேள்வியை நம் முன் வைத்துவிடுகிறது: காரியம் எப்படி முடியும் என்று தெரிந்துகொண்டு, வழியை மாற்றினாலும், முடிவு மாறுமா? தெரிந்துகொள்வதும் மாற்றுவதும் ஒன்றல்ல என்பதை எழுத்தாளர் ஒரு கோப்பையின் சில்லுகளைக் கொண்டு சொல்லிவிட்டார்.

க்ரஷர் கேட்ட குரல்களைப் பதிவு செய்து ஆராயும்போது, அவை கப்பலில் இருக்கும் ஆயிரம் பேரின் குரல்களே என்று தெரிகிறது. முந்தைய சுற்றுகளில் அவர்களே பேசியவை எதிரொலியாக எஞ்சியிருக்கின்றன. டேட்டா அவற்றைப் பிரித்தெடுத்துத் தருகிறார். மோதல் நேரப்போகிறது என்பதும், எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற ஆணையும் அதில் கேட்கின்றன. தங்கள் சாவைத் தாங்களே ஒட்டுக்கேட்பது எப்படி இருக்கும்? பிக்கார்டின் முகத்தில் அந்த நொடியில் தெரியும் நிதானத்தை நான் ஒவ்வொரு முறையும் வியந்து பார்க்கிறேன். நாம் ஒரு சுழலுக்குள் இருக்கிறோம் என்பதை இந்தச் சான்றுகளைக் கொண்டே அவர்கள் அறிவின் வழியாகக் கண்டடைகிறார்கள்; ஒருவருக்கும் நினைவு திரும்பவில்லை. காணாத ஒன்றை அதன் தடயங்களால் ஊகித்து அறிவது அறிவியலின் வழி. அந்த வகையில், விண்கப்பல்களும் விசித்திரக் கதிர்களும் நிறைந்த எத்தனையோ அத்தியாயங்களைவிட இதுவே உண்மையான அறிவியல் மனப்பான்மையைக் காட்டுகிறது என்பேன்.

சுழல் இருக்கிறது என்று அறிந்தது மட்டும் போதாது. அந்த அறிவும் வெடிப்போடு அழிந்துவிடும். ஆகவே அடுத்த சுற்றில் இருக்கப்போகும் தங்களுக்கே ஒரு செய்தி அனுப்ப முடிவெடுக்கிறார்கள். டேட்டாவின் செயற்கை மூளையில் மிகச் சிறிய செய்தி ஒன்றைப் பதிக்க முடியும். ஒரு சொல் அல்லது சில எழுத்துகளுக்கு மட்டுமே இடம் உண்டு. டேட்டாவுக்கு உணர்ச்சி கிடையாது. மற்றவர்களை ஆட்டிவைத்த ஏற்கெனவே நடந்தது போன்ற உணர்வு அவரைத் தொடவே இல்லை. ஒன்றையும் உணராத அவரே கடிதம் சுமக்கும் தூதராக வேண்டியிருப்பது மிக அழகான அமைப்பு. மோல்டர் மனத்தால் செய்ய முயன்றதை டேட்டா கருவியால் செய்கிறார்.

மோதல் நேரும் தருணத்தில் இரண்டு யோசனைகள் எழுகின்றன. சிறு விண்கலங்களை நிறுத்தி வைக்கும் பெரிய கூடத்தின் கதவைத் திறந்து, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றை ஒரே வீச்சில் வெளியேற்றினால், அந்த உந்துதலில் கப்பல் விலகும் என்கிறார் ரைக்கர். எதிரே வரும் கப்பலை இழுவிசைக் கற்றையால் தள்ளி அதன் பாதையை மாற்றலாம் என்கிறார் டேட்டா. பிக்கார்டு ஒவ்வொரு முறையும் டேட்டாவின் யோசனையையே ஏற்கிறார். அது ஒவ்வொரு முறையும் தோற்கிறது. தோற்கும் அந்தக் கடைசி நொடிகளில், தம் யோசனை தவறு, ரைக்கருடையதே சரி என்று உணரும் டேட்டா, ஒரே ஓர் எண்ணை அனுப்புகிறார்: 3.

அடுத்த சுற்றில் அந்த எண் எல்லா இடங்களிலும் முளைக்கிறது. எல்லோரும் எதிர்பார்க்கும் சீட்டுகளுக்குப் பதிலாக டேட்டாவின் கையிலிருந்து மூன்றுகள் விழுகின்றன. கப்பலின் கணிப்பொறித் திரைகளில் மூன்று. ஆராய்ச்சி முடிவுகளில் மூன்று. என்ன பொருள் என்று எவருக்கும் விளங்கவில்லை; அனுப்பியவருக்கே விளங்கவில்லை. மோதல் நெருங்குகிறது, இரண்டு யோசனைகளும் வருகின்றன, டேட்டாவின் யோசனைக்கு ஒப்புதல் கிடைக்கிறது. அப்போது ரைக்கரின் கழுத்துப்பட்டையில் இருக்கும் மூன்று பொன்னிறப் பொட்டுகள் டேட்டாவின் கண்ணில் படுகின்றன. அவருடைய பதவியைக் குறிக்கும் சின்னம் அது. டேட்டா கூடத்தின் கதவைத் திறக்கிறார். கப்பல்கள் உரசாமல் விலகிப்போகின்றன. சுழல் அறுபடுகிறது. வெளிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அவர்கள் 17.4 நாள்கள் சுழலுக்குள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஒரு புதிய வாசகர் இங்கே அறிவியல் சார்ந்த ஐயம் ஒன்றை எழுப்பலாம்: இப்படி நடக்க முடியுமா? ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு, காலப்பாதை தன்னையே வந்து தொடும் தீர்வு ஒன்று உண்டு என்பதைக் கணித மேதை கூர்ட் கோடல் 1949-இல் காட்டினார். சுழலும் பேரண்டம் ஒன்றைக் கற்பனை செய்து அவர் கண்ட அந்தத் தீர்வில், முன்னோக்கியே பயணம் செய்யும் ஒருவர் தம் கடந்த காலத்துக்கு வந்து சேரக்கூடும். நாம் வாழும் பேரண்டம் அவ்வாறு சுழல்வதற்குச் சான்று இல்லை. அது ஒருபுறம் இருக்க, அந்தத் தீர்வு நம் கதைகளின் சுழலிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. கோடலின் பாதையில் எதுவும் மறுபடி நடப்பதில்லை. ஒவ்வொரு நிகழ்வும் ஒரே ஒருமுறைதான் நடக்கிறது. துடைப்பதும் இல்லை, மறுதொடக்கமும் இல்லை. தொலைக்காட்சிக் கதைகளில் வருவதோ, உடைந்த கோப்பை தானாக ஒட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்புவது.

நினைவு பற்றிய சிக்கல் இதைவிடச் சுவையானது. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளும்போது மூளையில் ஏதோ ஒரு பொருள் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. நினைவு என்பது மண்ணில் பதிந்த குளம்புத் தடத்தைப் போல ஒரு தடயம்தான். உலகம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் ஒருவருக்கு நினைவிருக்கிறது என்றால், அவருடைய மூளை மட்டும் திரும்பவில்லை என்று பொருள். ஆகவே முழு நினைவைக் கொடுக்கும் கதைகள் எல்லாம், அந்த ஒரு தலைக்கு மட்டும் இயற்கை ஏன் விலக்கு அளித்தது என்ற கேள்வியை விழுங்கிக்கொண்டே நகர வேண்டியிருக்கிறது. 'காஸ் அண்ட் எஃபெக்ட்' அந்தக் கேள்வியை விழுங்கவில்லை. எவருக்கும் விலக்கு இல்லை. சிறு கசிவு எல்லோருக்கும் உண்டு. சுற்றுகள் கூடக் கூடக் கசிவும் கூடுகிறது. 'டெக்கியான்' என்னும் கற்பனைத் துகளைக் காரணமாகக் காட்டுவது வெறும் சொல்லலங்காரம்தான், அதில் எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. ஆயினும் கதையின் உள் நேர்மை குலையவில்லை.

சுழல் போலவே தோன்றி, சுழலாக இல்லாத ஒன்றையும் பார்த்துவிட்டால் கருத்து முழுமையாகும். 'டாக்டர் ஹூ' தொடரில் 2015-இல் வந்த 'ஹெவன் சென்ட்' அத்தியாயத்தில், பீட்டர் கபால்டி நடித்த டாக்டர், கடல் நடுவே ஒரு கோட்டையில் அகப்படுகிறார். வைரத்தைவிடக் கடினமான சுவர் ஒன்று வழியை அடைத்து நிற்கிறது. சில குத்துகள் விட்டதும் அவரைத் துரத்தும் உருவம் பிடித்துவிடுகிறது. சாகும் தறுவாயில் அவர் தம் உடலையே எரித்து, தம்மை அங்கே கொண்டுவந்து சேர்த்த கருவியில் சேமிக்கப்பட்டிருக்கும் தம் பழைய பிரதியை உயிர்ப்பிக்கிறார். புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது, எல்லாம் முதலிலிருந்து. ஆனால் இங்கே காலம் திரும்பவில்லை. வெளியே நட்சத்திரங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, கடலடியில் மண்டையோடுகள் குவிகின்றன, சுவரில் விழுந்த குழி ஆழமாகிறது. நானூற்றைம்பது கோடி ஆண்டுகள் இப்படியே போகின்றன. திரும்பி வருவது மனிதர் மட்டுமே. இது உண்மையான செக்குமாட்டுச் சுற்று, தடம் தேய்கிற சுற்று. அதிலும் டாக்டர் தமக்கு ஒரு குறிப்பு விட்டுச்செல்கிறார், தூசியில் எழுதிய 'பறவை' என்ற ஒரே சொல். டேட்டாவின் 3, மோல்டரின் ஒற்றை வாக்கியம், டாக்டரின் ஒற்றைச் சொல் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எவ்வளவு சிறிய செய்தியானாலும் அதைக் கொண்டு தப்பிக்கும் வழியை மனிதர் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை இந்தக் கதைகளின் அடியில் ஓடுவது தெரியும்.

'காஸ் அண்ட் எஃபெக்ட்' குறையே இல்லாத அத்தியாயம் என்று சொல்ல மாட்டேன். அனுப்பிய செய்தி 3 என்பதற்குப் பதிலாக ரைக்கரின் பெயராகவே இருந்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. ஒரு சொல்லுக்கு இடம் உண்டு என்று கதையே சொல்கிறது. கடைசி நொடியில் எடுத்த முடிவு என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது உறுத்துகிறது. அதே நேரத்தில், எப்போதும் சரியாகவே கணிக்கும் டேட்டா இம்முறை தவறியதையும், தம் தவற்றைச் சற்றும் தயங்காமல் ஒப்புக்கொண்டு மற்றவரின் யோசனைக்கு வழிகாட்டியதையும் நான் இந்தத் தொடரின் மிக உயர்ந்த தருணங்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். அடுத்த சுற்றில் இருக்கப்போகும் தமக்கு அவர் அனுப்பியது, என் பேச்சைக் கேட்காதே என்ற செய்தி.

எதிரே வந்து மோதிய கப்பலைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பெயர் போஸ்மன். பழைய காலத்துக் கப்பல். அதன் தலைவர் மார்கன் பேட்சனாக நடித்தவர் கெல்சி கிராமர். ஆபத்து நீங்கியதும் திரையில் தோன்றும் அவர், நடந்தது ஏதும் அறியாதவராக, உதவி தேவையா என்ற தொனியில் பேசுகிறார். இது எந்த ஆண்டு என்று பிக்கார்டு மெதுவாகக் கேட்கிறார். அதில் என்ன ஐயம், 2278 என்கிறார் பேட்சன். எண்டர்பிரைஸ் 17.4 நாள்களை இழந்திருக்க, போஸ்மன் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்குள் கிடந்திருக்கிறது. அந்தக் கப்பலில் எவருக்காவது தலைசுற்றியதா, எவர் அறையிலாவது குரல்கள் கேட்டனவா என்று கதை சொல்லவில்லை. எங்கள் கப்பலுக்கு வாருங்கள், பேச வேண்டியிருக்கிறது என்று மட்டும் பிக்கார்டு அழைக்கிறார். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைக் காட்டாமலேயே அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அந்த உரையாடலை ஒவ்வொரு முறையும் நானே மனத்துக்குள் எழுதிப் பார்க்கிறேன், இன்னும் முதல் வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை.